பேச்சுக் கொடுத்தால் அப்பா நடையை நிறுத்திவிடுகிறார். மறதியின் ஆரம்பமா?

மூன்றாம்மாடி (கேள்வி):

அப்பாவுக்கு 74 வயது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு 71. நானும் அப்பாவும் தினமும் மாலையில் அரை மணி நேரம் நடப்போம். பேசாமல் நடந்தால் அவருக்கு ஈடுகொடுக்க நான்தான் எட்டிப் போட வேண்டியிருக்கும், அவ்வளவு வேகம். ஆனால் நான்கைந்து மாதமாக ஒன்றைப் பார்க்கிறேன். நான் ஏதாவது கேட்டால் சட்டென்று நின்றுவிடுகிறார். நின்று, திரும்பி, என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த அடி வைக்கிறார்.

முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. "ஏம்ப்பா, வாயும் காலும் ஒரே ஒயர்லயா ஓடுது?" என்றுகூடக் கேட்டேன். அப்புறம் அலுவலகத்தில் ஒருவர், பேசும்போது நடையை நிறுத்துவது மறதி நோயின் முதல் அறிகுறி என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. நேற்று எண்ணினேன், அரை மணி நேரத்தில் ஏழு முறை நின்றார்.

போன வருடம் பொதுப் பரிசோதனையின்போது 30 மதிப்பெண்ணுக்கு ஒரு நினைவாற்றல் தேர்வு வைத்தார்கள். கடிகாரம் வரையச் சொல்வார்களே, அதுதான். 27 வாங்கினார். அது போதும் என்றார் டாக்டர்.

நடையை வைத்து இப்படி ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க முடியும் என்பது உண்மையா? வீட்டிலேயே பார்க்க வழி உண்டா? அவருக்குத் தெரியாமல் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது, ரோஷக்காரர். அம்மாவைப் பற்றிக் கவலையில்லை. வீட்டில் எது எங்கே இருக்கிறது, யாருக்கு எப்போது என்ன கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான். முன்பு அவரும் நடக்க வருவார், இப்போது கால் வலி என்று வருவதில்லை.

---

ஆறுமீட்டர்:

வயதானவர்களுக்குப் பிசியோதெரபி செய்வது என் வேலை, 19 வருடமாக. உங்கள் அலுவலக நண்பர் சொன்னது முழுப் பொய்யில்லை, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார்.

ஸ்வீடனில் லுண்டின்-ஓல்சன் என்பவரும் இன்னும் இருவரும் 1997-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். முதியோர் குடியிருப்பில் 58 பேர். கூட நடந்துகொண்டே சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். 12 பேர் நின்றுவிட்டார்கள். அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் கீழே விழுந்தார்கள். கவனியுங்கள், அந்தக் கட்டுரை பார்த்தது விழுவதைத்தான், மறதியை அல்ல. மறதியோடு நடையைச் சேர்த்துப் பார்ப்பது அதற்குப் பிறகு வளர்ந்தது.

நடை என்பது கால் தானாகச் செய்கிற வேலை என்று நினைக்கிறோம். தாளம் தண்டுவடத்திலிருந்து வருகிறது, உண்மைதான். ஆனால் எங்கே திரும்புவது, தரை எப்படி இருக்கிறது, எதிரே வருபவருக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதையெல்லாம் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சின்ன வயதில் அதற்குக் கையிருப்பு நிறைய, ஒரு பக்கம் நடந்துகொண்டே இன்னொரு பக்கம் சண்டையும் போடலாம். கையிருப்பு குறைய ஆரம்பித்தால், சும்மா நடக்கும்போது ஒன்றும் தெரியாது. இரண்டாவது வேலை ஒன்றைக் கொடுத்தால் துண்டு விழுவது தெரியும். சோதனையின் சூட்சுமம் அவ்வளவுதான்.

கனடாவில் மான்டெரோ-ஒடாசோ குழு 2017-ல் வெளியிட்டது இதில் முக்கியமான ஆய்வு. ஏற்கெனவே லேசான அறிவாற்றல் குறைபாடு இருந்த 112 பேரைச் சும்மா நடக்கவிட்டார்கள். பிறகு நூறிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எண்ணிக்கொண்டு, ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு, விலங்குகளின் பெயர் சொல்லிக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். பின்னோக்கி எண்ணும்போது வேகம் மிகவும் விழுந்தவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா, அதாவது மறதி நோய், வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. விலங்குப் பெயரில் சுமார் இரண்டரை மடங்கு. ஆனாலும் மொத்த 112-ல் டிமென்ஷியா வரை போனவர்கள் 27 பேர்தான். அதோடு அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே குறைபாடு இருந்தவர்கள், உங்கள் அப்பாவுக்கு அப்படி யாரும் சொல்லவில்லை.

சரி, இப்போது என் கேள்வி. நடக்கும்போது நீங்கள் அவருக்கு எந்தப் பக்கம்? அவர் உங்கள் முகத்தைப் பார்க்கத் திரும்புகிறார் என்கிறீர்கள். யோசிப்பதற்காக நிற்பவர் பெரும்பாலும் தரையைப் பார்ப்பார், இல்லை எங்கேயோ பார்ப்பார். முகத்தைப் பார்ப்பவர் காதால் கேட்டதை உதட்டில் சரிபார்க்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். வீட்டில் டிவி சத்தம் எவ்வளவு?

வீட்டில் பார்க்கலாம். ஆனால் தெரியாமல் பார்க்கிற யோசனையை விட்டுவிடுங்கள். தெரியாமல் கேள்வி கேட்டால் காது, ஆர்வம், உங்கள் மேல் உள்ள கோபம் எல்லாம் கலந்துவிடும். அவரிடமே சொல்லி, உட்கார வைத்து விளக்குங்கள். தரையில் 6 மீட்டருக்கு இரண்டு கோடு. முன்னால் இரண்டு மீட்டர், பின்னால் இரண்டு மீட்டர் சும்மா விடுங்கள். புறப்படும்போதும் நிற்கும்போதும் எல்லோருமே மெதுவாகத்தான் போவோம், அது கணக்கில் வரக்கூடாது. முதல் கோட்டைக் கால் தாண்டும்போது ஸ்டாப்வாட்ச், இரண்டாவதைத் தாண்டும்போது நிறுத்தம். வழக்கமாகப் போடும் செருப்பு, வழக்கமான கண்ணாடி. மூன்று தடவை சும்மா, மூன்று தடவை எண்ணிக்கொண்டு. சும்மா நடந்த வேகத்திலிருந்து எண்ணி நடந்த வேகத்தைக் கழித்து, சும்மா நடந்த வேகத்தால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 20 சதவீதத்துக்கு மேல் போனால் அந்த ஆய்வில் அதிகம் என்று எடுத்துக்கொண்டார்கள். உங்கள் ஸ்டாப்வாட்ச் விரலுக்கே கால் நொடி பிசகும், அதனால் ஒரு தடவை வந்த எண்ணை வைத்துக்கொண்டு அழ வேண்டாம். என்ன சொன்னார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், எத்தனை நொடி என்பதை மட்டுமல்ல. யாராவது ஒருவர் அரை அடி பின்னால், பக்கவாட்டில் கூடவே போக வேண்டும். கையைப் பிடிக்கக்கூடாது, விழுந்தால் தாங்கும் தூரத்தில் இருக்க வேண்டும்.

எண்ணை அடுத்த வீட்டுக்காரரோடு ஒப்பிடாதீர்கள். மூட்டு வலி, கண், பாதத்தில் உணர்வு குறைவது, பி12 குறைவு, தைராய்டு, மாத்திரைகள் என்று நடையைக் கெடுக்க ஆயிரம் இருக்கிறது. மாத்திரையில் குறிப்பாகத் தூக்க மாத்திரை, அப்புறம் அரிப்புக்கும் சளிக்கும் போடும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரை. வயதானவர்களுக்கு அவை காலையும் தலையையும் சேர்த்தே மந்தமாக்கும்.

---

பழையசெருப்பு:

என் அனுபவம் வேறு மாதிரி. உங்கள் அப்பாவுக்கு இது பொருந்தாது என்றே நினைக்கிறேன், ஆனால் இந்தத் தலைப்பைத் தேடி வருகிற வேறு யாருக்காவது உதவும்.

என் மாமனாருக்கு நடை மாறியது முதலில். கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி, பசையில் நடக்கிற மாதிரி. காலை அகட்டி வைத்து, சின்னச் சின்ன அடி. திரும்புவதற்கு ஏழெட்டு அடி எடுப்பார். நாங்கள் முழங்கால் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம். ஏழெட்டு மாதம் கழித்துச் சிறுநீர் அடக்க முடியாமல் போனது, அதற்கும் வயசு என்று ஒரு பதில் வைத்திருந்தோம். மறதி கடைசியில்தான் வந்தது. காட்டிய முதல் இடத்தில் டிமென்ஷியா, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாங்களும் நம்பி வீட்டுக்கு வந்து ஒரு வருடத்தை வீணாக்கினோம்.

இரண்டாவதாகப் பார்த்த நரம்பியல் டாக்டர் அவர் அறைக்குள் நடந்து வருவதை மட்டும் பார்த்தார். உட்காரச் சொல்லவே இல்லை, இன்னொரு தடவை வாசல் வரை போய் வரச் சொன்னார். மூளைக்குள் நீர் தேங்குகிற நோய், மூளையில் அழுத்தம் பெரிதாக ஏறாமலே தேங்கும். 1965-ல் ஹக்கீம், ஆடம்ஸ் என்ற இருவர் விவரித்தது. நடை, சிறுநீர், மறதி மூன்றும் சேர்ந்து வரும். உறுதிப்படுத்தவும் நடையைத்தான் வைத்தார்கள்: நடக்கவிட்டு நேரம் குறித்தார்கள், முதுகில் ஊசி போட்டு 40 மில்லி போலத் திரவம் எடுத்தார்கள், மறுபடி நடக்கவிட்டார்கள். முதலில் 10 மீட்டருக்கு 24 நொடி. எடுத்த பிறகு 15. அவர் நடந்து வந்ததைப் பார்த்து என் மாமியார் நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

தேங்கும் நீரை வடிக்கக் குழாய் வைத்தார்கள். நடை நன்றாகத் திரும்பியது, சிறுநீர் ஓரளவு. மறதி மட்டும் பெரிதாக மாறவில்லை. அந்த ஒரு வருடம் முன்னால் போயிருந்தால் மாறியிருக்குமா என்று இப்போது கேட்டு என்ன.

---

ஏன்எதற்கு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறீர்கள்? அறிகுறி இல்லாத முதியவர்கள் எல்லோரையும் சோதித்துப் பார்ப்பதால் நன்மை உண்டா இல்லையா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவே 2020-ல் சொல்லியிருக்கிறது. இங்கே ஒரு மகள் ஏழு தடவை நின்றார் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். அவர் சொன்னதில் நோய் என்று எனக்குத் தெரிவது அந்த எண்ணுதல்தான். மனுஷனை நிம்மதியாக நடக்க விடுங்கள்.

---

ஆறுமீட்டர்:

@ஏன்எதற்கு: அந்தப் பணிக்குழு பேசுவது யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லாதவர்களைப் பற்றி. வீட்டில் ஒருவர் மாற்றத்தைப் பார்த்துவிட்டால் அது வேறு கதை. ஜோ வெர்கீஸ் என்ற நரம்பியல் டாக்டர் 2013-ல் பெயர் வைத்த நிலை ஒன்று இருக்கிறது: ஆள் மெதுவாக நடக்கிறார், ஞாபகம் சரியில்லை என்று அவருக்கே தோன்றுகிறது, ஆனால் டிமென்ஷியா இல்லை. அடுத்த வருடமே 17 நாடுகளில் 26,802 முதியவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள், 9.7 சதவீதம் பேர் அந்த நிலையில் இருந்தார்கள். ஸ்கேன் வேண்டாம், ரத்தம் வேண்டாம், ஒரு கடிகாரமும் ஒரு கேள்வியும் போதும். அதில் தெரிவது நோயின் பெயரல்ல, டாக்டரிடம் எப்போது போவது என்பதுதான். பழையசெருப்பு எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள்.

எண்ணுவது பற்றிச் சொன்னீர்களே, அதில் உங்கள் பக்கம்தான் நான். மாலை நடையில் எண்ணுவதை நிறுத்துங்கள், மூன்றாம்மாடி. ஒரு நாள் அளந்தால் போதும்.

---

மூன்றாம்மாடி:

அளந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீளமாக இருக்கும்.

முதலில் காது. நான் எப்போதும் அவருக்கு வலப்பக்கம் நடப்பேன். நேற்று இடப்பக்கம் மாறினேன். அரை மணி நேரத்தில் ஒரே ஒரு தடவை நின்றார், அதுவும் செருப்பு வாரைச் சரிசெய்ய. டிவி சத்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எங்களுக்கு அது பழகிவிட்டது, மாடிப்படி ஏறும்போதே என்ன நிகழ்ச்சி என்று தெரிந்துவிடும். இவ்வளவு நாள் இது எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் கேவலம்.

இருந்தாலும் அளவெடுத்தே தீருவது என்று ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தளத்துப் பொது நடைவழியில் சாக்பீஸால் கோடு போட்டேன். அப்பாவிடம் நீங்கள் சொன்ன மாதிரியே விளக்கினேன். சூத்திரத்தைக் கேட்டதும் குஷியாகிவிட்டார், சராசரி எடுக்காமல் நடு எண்ணை எடுத்தால் என்ன என்று எனக்குப் பாடம் நடத்தினார். சும்மா நடந்தது 6.0, 6.2, 6.1 நொடி. பின்னோக்கி எண்ணிக்கொண்டு 6.5, 6.4, 6.5. கணக்கு வாத்தியாருக்கு எண்ணும் பாடமா என்று விலங்குகளுக்கு மாற்றினேன்: 6.6, 6.8, 6.7. இதில் அவர் போட்ட கணக்கே 9 சதவீதம். பட்டியலில் வந்த காண்டாமிருகம், வரிக்குதிரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அவருக்குத் துணையாக இருக்கட்டும் என்று அம்மாவையும் கூப்பிட்டேன். வர மாட்டேன் என்றார். "என்னடி, இந்த வயசுல எனக்குப் பரீட்சை வைக்கிறியா?" அப்பா விடவில்லை. வந்தார்.

சும்மா நடந்தது 6.9, 6.8, 6.8. எண்ணிக்கொண்டு 7.0, 6.9, 7.1. 3 சதவீதம்கூட இல்லை. அப்பாவைவிட நல்ல மார்க் என்று சொல்லப் போனேன். அப்போதுதான் நீங்கள் சொன்னபடி எழுதிய தாளைப் பார்த்தேன். முதல் தடவை: "நூறு, தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றெட்டு." பிறகு ஒன்றுமில்லை, கோடு வரை மௌனம். இரண்டாவது தடவை: "நூறு, தொண்ணூற்றொன்பது." மௌனம். மறுபடி "தொண்ணூற்றொன்பது". மூன்றாவது தடவை தொண்ணூற்றெட்டு வரை வந்து, அங்கிருந்து "தொண்ணூற்றொன்பது, நூறு" என்று மேலே ஏறிவிட்டார். ஏறியது அவருக்குத் தெரியவில்லை. முடித்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. அவர் சாக்பீஸ் கோட்டைக் காலால் அழித்துக்கொண்டிருந்தார்.

இதற்கு என்ன அர்த்தம்? வேகம் குறையவில்லையே, அப்படியென்றால் சரிதானே?

---

ஆறுமீட்டர்:

அப்பாவை ஒரு காது டாக்டரிடம் காட்டுங்கள். காது கேட்காமல் போவதே டிமென்ஷியா வரும் வாய்ப்பைக் கூட்டுகிற, சரிசெய்யக்கூடிய காரணங்களில் ஒன்று. லான்செட் இதழின் நிபுணர் ஆணையம் 2024-ல் போட்ட 14 காரணங்களின் பட்டியலில் அது இருக்கிறது. ரோஷம் பார்த்தால், டிவி சத்தத்தைக் காரணம் காட்டி இழுத்துப் போங்கள்.

அம்மாவைப் பற்றி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரை இதே மாதிரி நடக்கவைத்து, வேகம் மாறவில்லை, இயல்பு என்று எழுதிவிட்டேன். தாளைப் பார்த்த என் சீனியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எத்தனை எண் சொன்னார்? நான் குறிக்கவே இல்லை. மறுநாள் திரும்பக் கூப்பிட்டு நடக்கவிட்டேன். ஆள் கம்பீரமாக நடந்தார், இரண்டே எண் சொன்னார்.

கையிருப்பு போதாதபோது ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். சிலர் நடையை விடுவார்கள். சிலர், முக்கியமாக விழுந்துவிடுவோமோ என்று பயப்படுபவர்கள், நடையைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு எண்ணுவதை விட்டுவிடுவார்கள். அது புத்திசாலித்தனமான தேர்வுதான், உடம்பு தானாகவே செய்வது. ஆனால் ஸ்டாப்வாட்ச் ஏமாந்துவிடும்.

அவசரப்பட வேண்டாம். இன்னும் ஒன்று தெரிய வேண்டும். அவர் உட்கார்ந்துகொண்டு எண்ணினால் எப்படி? 15 நொடி, நாற்காலியில். உட்கார்ந்தாலும் எண்ண வரவில்லை என்றால் நடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பின்னோக்கி எண்ணுவதே அவருக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். உட்கார்ந்து சரளமாக வந்து, நடக்கும்போது மட்டும் அறுந்தால் அது பேச வேண்டிய விஷயம். எத்தனை எண் சொன்னார் என்பதை வெளியே கேள்விப்படும் கணக்கோடு ஒப்பிடாதீர்கள். தொண்ணூற்றொன்பது என்று சொல்லி முடிப்பதற்குள் வேறு மொழிக்காரர் இரண்டு எண் இறங்கியிருப்பார். அவருடைய உட்கார்ந்த கணக்கோடு அவருடைய நடந்த கணக்கு, அவ்வளவுதான். நூறில் ஆரம்பிக்காதீர்கள், மனப்பாடமாகிவிடும். எழுபத்தெட்டு, அறுபத்து மூன்று என்று எங்கேயாவது ஆரம்பியுங்கள். வேறொரு நாள், காலையில், அவர் களைப்பில்லாதபோது. அப்பா பக்கத்தில் வேண்டாம், வாத்தியார் முன்னால் யாருக்கும் கணக்கு வராது.

முடிந்தால் எட்டு போட்டு நடக்கவும் விடுங்கள். ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இரண்டு பொருளை வைத்து, அவற்றைச் சுற்றி எட்டு வடிவத்தில் ஒரு சுற்று. நேர்நடையைவிட வளைவில் மூளைக்கு வேலை அதிகம். அடி எப்படி விழுகிறது, தடுமாறி யோசிக்கிறாரா என்று மட்டும் பாருங்கள், நொடி தேவையில்லை.

அப்புறம் அந்தக் கால் வலி. 6.8 நொடியில் மூன்று தடவை நடந்தவருக்கு மாலை நடையை விடும் அளவுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

---

பழையசெருப்பு:

கால் வலி என்று சொல்லி வெளியே போவதை நிறுத்துவது என் மாமனார் விஷயத்திலும் நடந்தது. பாதை குழம்புகிறது என்று சொல்லக் கூச்சம், கால் வலிக்கிறது என்று சொல்வது சுலபம். உங்கள் அம்மாவுக்கும் அதே என்று சொல்ல வரவில்லை.

---

மூன்றாம்மாடி:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

நாற்காலியில் உட்கார்ந்து எழுபத்தெட்டிலிருந்து அம்மா 15 நொடியில் 13 எண் இறங்கினார், ஒரு தப்பும் இல்லை. நடக்கும்போது அறுபத்து மூன்றிலிருந்து, கோட்டுக்குக் கோடு, மூன்று எண். விலங்குகள் உட்கார்ந்து ஒன்பது. நடந்துகொண்டு "மாடு, நாய், பூனை, நாய்". எட்டு போட்டபோது முதல் வளைவில் நின்று, எந்தப் பக்கம் என்று என்னைப் பார்த்தார். இரண்டாவது சுற்றில் சரியாகப் போனார்.

கால் எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். "இங்கதான்" என்று முழங்காலைத் தொட்டார். சிறிது நேரம் கழித்து மறுபடி கேட்டபோது, "சாயங்காலம் அந்தத் திருப்பத்துல வண்டிங்க வருது, எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

அன்று ராத்திரி அப்பா என் அறைக்கு வந்தார். கையில் பழைய டைரி. பின்பக்கத்திலிருந்து திருப்பி எழுதியிருந்தார், வாத்தியார் எழுத்து, தேதி போட்டு. சாவியைத் தேடியது, ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டது, அடுப்பு. முதல் பதிவு ஆறு மாதத்துக்கு முன்னால். "உன்கிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன்" என்றார். நான் அவரை எண்ணிக்கொண்டிருந்த நாட்களில் அவர் அம்மாவை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். எது எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் அம்மா தலையில் வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தேன் அல்லவா, பாதியை அப்பா ஓசைப்படாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு நரம்பியல் டாக்டர், வியாழக்கிழமை அப்பாவுக்குக் காது. அளந்த தாளைக் கொண்டுபோகிறேன்.

டைரியில் இன்னொன்றும் இருந்தது. டாக்டரிடம் காட்ட என்று அம்மா போடும் மாத்திரைகளை அப்பா ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதியிருக்கிறார். பிரஷருக்கு ஒன்று, தைராய்டுக்கு ஒன்று, இரண்டும் எனக்குத் தெரியும். மூன்றாவது, எப்போதோ அரிப்புக்கு வாங்கிய ஒவ்வாமை மாத்திரை. போட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்று அம்மா ஒரு வருடமாகத் தினமும் ராத்திரி ஒன்று போடுகிறாராம். அட்டையைத் தேடி எடுத்துப் பையில் வைத்துவிட்டேன். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவில்லை.

---

ஆறுமீட்டர்:

அந்த அட்டையை முதலில் காட்டுங்கள், தாளை அப்புறம். டைரியையும் எடுத்துப் போங்கள், அப்பாவும் கூட வரட்டும். மாத்திரையை மாற்றினால் ஒரு மாதம் போல விட்டு, அதே நடைவழியில், அதே செருப்போடு மறுபடி அளந்து எழுதுங்கள்.